துண்டு போட்டவன் இடம்

அந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் பூதக்கண்ணாடியை நீட்டுவார். அதற்குள் கோரைப்பல்லோடு பச்சைக் கிருமிகள் நெளியும். ஒரு சொட்டு திரவம் விழும். 99.9 சதவிகிதம் காலி! அம்மா சிரிப்பாள், குழந்தை சிரிக்கும், நாமும் மறுநாள் கடையில் போய் ஒரு பாட்டில் வாங்குவோம்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். காலியான அந்த இடத்தில் அடுத்து யார் வந்து உட்காருவார்?

திருச்சி ஜங்ஷனில் அன்ரிசர்வ்ட் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? ரயில் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். துண்டு போட்டவன் இடம், அவ்வளவுதான். அப்புறம் வருகிறவர் கலெக்டரே ஆனாலும் நிற்க வேண்டியதுதான். நிறைந்த பெட்டியில் ரவுடி ஏறினால் வாசலோடு சரி. உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் நீங்கள் இறக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால், முதலில் ஏறுகிறவர் கைக்குழந்தையோடு வரும் அம்மாவாக இருக்கமாட்டார். முழங்கை பலம் உள்ளவன்தான் ஏறுவான்.

நுண்ணுயிர்களின் உலகமும் இதே கதைதான். அங்கே பெரும்பாலான சண்டை இடத்துக்கும் சோற்றுக்கும். இதை உங்கள் வீட்டுச் சமையலறையே தினம் நிரூபிக்கிறது. சித்திரை வெயில் காலத்தில் இட்லி மாவை அரைத்து ராத்திரி முழுக்க மேடையில் வைக்கிறீர்கள். ஃப்ரிட்ஜும் இல்லை, மருந்தும் இல்லை. காலையில் அது கெட்டுப்போவதற்குப் பதில் பொங்கி நிற்கிறது. ஏன்? உளுந்தோடு வந்த லூக்கனாஸ்டாக் மாதிரியான பாக்டீரியாக்கள் முதலில் துண்டு போட்டுவிட்டன. அவை விடும் அமிலத்தில் மற்ற பயல்களால் தலைதூக்க முடிவதில்லை. மாவைக் காப்பாற்றுவது கிருமிநாசினி அல்ல, கிருமி.

இது தெரிந்த நாம்தான் வெளியே வந்ததும் எதைப் பார்த்தாலும் மருந்து ஊற்றுகிறோம். இந்தக் கொலைவெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலக உதாரணம் ஒன்று இருக்கிறது. உள்ளூர் உதாரணம் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் உலகம்.

தெருவில் பையன்கள் ஆடும் கிரிக்கெட்டில் 'கார்க் பால்' என்கிறோமே, அந்த கார்க் ஒரு மரத்தின் பட்டை. நம் ஊர் மரமல்லிக்குக்கூட இங்கிலீஷில் இந்தியத் தக்கை மரம் என்றுதான் பெயர். அதன் பட்டை இரண்டாந்தரம். அசல் தக்கை போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் வளரும் ஓக் மரத்திலிருந்து வருகிறது. கன்று நட்டு ஏறக்குறைய 25 வருஷம் கழித்துத்தான் முதல் உரிப்பு. அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு ஒரு தரம். பாட்டில் மூடிக்கு லாயக்கான பட்டை மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும். தாத்தா நட்டுப் பேரன் உரிக்கிற சமாசாரம்.

உரித்த பட்டையை மாதக்கணக்கில் வெளியே அடுக்கி வைப்பார்கள். பிறகு கொதிநீரில் வேகவைத்து, ஈரத்தோடு அடுக்கி வைப்பார்கள். சில நாளில் பட்டை முழுவதும் வெள்ளையாக ஒரு பூஞ்சை போர்வை போலப் படரும். அதன் பெயர் கிரைசோனிலியா சிட்டோஃபிலா. பேக்கரிக்காரர்களுக்கு இது பரம எதிரி, ரொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கிற ஜாதி. தக்கைத் தொழிலாளிகளோ தலைமுறை தலைமுறையாக அதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். போர்ச்சுகல் விஞ்ஞானிகள் பிற்பாடு ஆராய்ந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. இந்த வெள்ளைப் பூஞ்சை அசுர வேகத்தில் வளர்ந்து பட்டையை ஆக்கிரமித்துக்கொள்வதால், பென்சிலியம் போன்ற மற்ற பூஞ்சைகளுக்கு இடம் குறைகிறது. அந்தப் பென்சிலியங்களில் ஒன்று சாமானியமானதல்ல. தக்கை ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் சூபரோசிஸ் என்ற நுரையீரல் வியாதிக்குக் காரணமே அதுதான்.

சரி, பட்டை அழுக்காகத் தெரிகிறதே, சுத்தமாக்கலாம் என்று ஆலைகள் என்ன செய்தன? க்ளோரின் கலந்த ப்ளீச்சிங் தண்ணீரில் தக்கையைக் கழுவின. பளபளவென்று வெளுத்தது. கிருமியும் செத்தது. ஒயின் பாட்டிலில் அடைத்தார்கள். திறந்தால் குப்பென்று ஈரச் சாக்கு நாற்றம்!

1982-ல் ஸ்விட்சர்லாந்தில் ஹான்ஸ் டானர் குழுவினர் காரணத்தைப் பிடித்தார்கள். டிரைகுளோரோ அனிசோல் என்ற ரசாயனம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். இது எப்படி வந்தது என்பதுதான் ரசம். க்ளோரின் பட்டையில் இருந்த ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆனது. பூச்சிமருந்து, மர மருந்து வழியாகவும் அது பட்டைக்கு வந்து சேர்ந்தது. குளோரோஃபீனால் பூஞ்சைக்கு விஷம். மிச்சமிருந்த பூஞ்சைகள் சாகாமல் தப்பிக்க அதன் மேல் ஒரு மீத்தைல் தொப்பியை மாட்டிவிட்டன. விஷம் அடங்கியது, நாற்றம் பிறந்தது. அதாவது, நாற்றத்துக்குப் பாதி காரணம் சுத்தம் செய்தவர்களே. பிறகு ஆலைகள் க்ளோரினைக் கைவிட்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடுக்கு மாறின. ஆனால், நம்பிக்கை போனது போனதுதான். 2000-ம் ஆண்டிலிருந்து ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒயின்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் திருகுமூடிக்குத் தாவினார்கள்.

ஒயின் நாறினால் நமக்கென்ன என்கிறீர்களா? நியாயம். டாஸ்மாக் சரக்குக்குத் தக்கை கிடையாது. இப்போது உள்ளூருக்கு வாருங்கள்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது ஸ்ரீரங்கம். அதைச் சுற்றிலும், மேற்கே தொட்டியம் வரை, கிழக்கே லால்குடி வரை வாழை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன் என்று ரகம் ரகமாக. மத்திய அரசு 1993-ல் வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில், தாயனூர் பக்கம் அமைத்தது சும்மா அல்ல. கோயிலுக்குப் போகிற தட்டிலும், கல்யாணப் பந்தி இலையிலும், காந்தி மார்க்கெட்டில் இறங்கும் தாரிலும் இந்த ஊரின் பிழைப்பு இருக்கிறது.

அந்தப் பிழைப்புக்கு ஒரு எமன் இருக்கிறான். வாடல் நோய். ஃபுசேரியம் என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, மரத்தின் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகும், காம்பு ஒடிந்து இலை பாவாடை மாதிரி தண்டைச் சுற்றித் தொங்கும், கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பாக இருக்கும். ரஸ்தாளிக்கு இது பரம விரோதி. பூவன் ஓரளவு தாங்கும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்குப் பயிரான குரோ மிஷேல் என்ற ரகத்தை இதே நோய் 1950, 60-களுக்குள் வியாபாரத்திலிருந்தே துடைத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷையும் சாப்பிடும் புது ஜாதி ஒன்று ஆசியாவில் பரவி, பீகார் வாழைத் தோட்டங்களில் நுழைந்திருப்பது 2019-ல் அறிவியல் இதழ்களில் பதிவானது. கடைகளில் பச்சை வாழை, ஜி-9 என்று நீங்கள் வாங்குவதெல்லாம் கேவண்டிஷ் குடும்பம்தான்.

இந்தப் பூஞ்சையின் வித்து பயிரே இல்லாத மண்ணில்கூட இருபது, முப்பது வருஷம் தூங்கும். வாடிய மரத்தைப் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. இதை மறுபடி சொல்கிறேன்: கிடையாது. அப்படியானால் தோட்டத்தில் என்ன நடக்கிறது?

"அண்ணே, ரஸ்தாளி வாடுதுண்ணே."

"இந்த மருந்தக் கலந்து தூர்ல ஊத்துங்க. சரியாயிடும்."

ஊற்றுவது பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி. கன்று நடும்போது கிழங்கை அதில் நனைத்து நடுவது வேறு. அது அளவோடு செய்கிற காரியம், விவசாயப் பல்கலைக்கழகமே சொல்லிக் கொடுப்பது. தோட்டத்து மண்ணையே பூஞ்சைக்கொல்லியில் குளிப்பாட்டுவது முற்றிலும் வேறு. கார்பன்டசிம் ஃபுசேரியத்தை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் போலீஸ் அல்ல. தெருவில் நிற்கும் எல்லார் மீதும் தடியடி. தடியடியில் ஓடுவது ஊர்க்காரர்கள். ஃபுசேரியமோ வாழையின் வேருக்குள்ளேயும் கெட்டி ஓட்டுக்குள்ளேயும் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கூட்டம் கலைந்ததும் எழுந்து வரும், இப்போது போட்டிக்கு ஆளில்லாமல்.

இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸில் சாத்தோரெனார் என்ற ஊரின் மண்ணில் ஃபுசேரியம் இருந்தும் முலாம்பழச் செடிகள் வாடுவதில்லை. 1970-களில் அங்கே ஆராய்ந்தார்கள். அந்த மண்ணை நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொன்றார்கள். சுத்தமான மண்ணில் நோயை விட்டுப் பார்த்தால், செடி வாடிச் செத்தது! வேகாத பழைய மண்ணைக் கொஞ்சம் எடுத்துக் கலந்தார்கள். பாதுகாப்பு திரும்பியது. காவல் காத்தவர்களில் ஒருவன் யார் தெரியுமா? இன்னொரு ஃபுசேரியம். அதே குலம், அதே கோத்திரம், ஆனால் செடியை நோகடிக்காத ரகம். வேர் கசியவிடும் சர்க்கரைக்கும் வேரின் மேல் உள்ள இடத்துக்கும் அண்ணனோடு பங்காளிச் சண்டை போட்டுத் தம்பி ஊரைக் காப்பாற்றியிருக்கிறான்.

வாழைக்கே இப்படி ஒரு சரித்திரம் உண்டு. மத்திய அமெரிக்காவில் சில மண்ணில் தோட்டம் நாலைந்து வருஷத்தில் வாடி முடிந்தது. வேறு சில மண்ணில் அதே ரகம் இருபது வருஷத்துக்கு மேல் நின்றது. நெட்டாயுசு மண், அற்பாயுசு மண் என்று 1930-களிலேயே பிரித்து எழுதிவைத்தார்கள். மண்ணின் களிமண் அளவு ஒரு காரணம். அதில் குடியிருப்பவர்கள் இன்னொரு காரணம்.

நம் மண்ணில் குடிவைக்கத் தகுந்த ஆட்களையும் விஞ்ஞானிகள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை வேகமாகப் பரவி இடத்தைப் பிடிக்கும். எதிரிப் பூஞ்சை கிடைத்தால் கொடி மாதிரி சுற்றிக்கொண்டு அதன் சுவரைக் கரைத்துத் தின்னும். சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற பாக்டீரியாவின் வழி வேறு. மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் கரையாது. எல்லோருக்கும் அதில் பஞ்சம். இந்த ஆள் இரும்பைக் கவ்வும் ஒரு ரசாயனத்தைத் தூது அனுப்பி, இருப்பதை அள்ளிக்கொண்டு வந்துவிடும். எதிரிக்கு ரேஷன் கட்! கோவை வேளாண் பல்கலைக்கழகம் இரண்டையும் டால்க் பவுடரில் கலந்து பல வருஷங்களாக விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. லக்னோவின் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் புது வாடல் ஜாதிக்கு எதிராக டிரைக்கோடெர்மாவின் ஒரு ரகத்தை 'ஃபுசிகான்ட்' என்ற பெயரில் இறக்கியிருக்கின்றன.

ஆனால், இதைப் பயன்படுத்தும் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரே பில்லில் பூஞ்சைக்கொல்லியையும் டிரைக்கோடெர்மாவையும் வாங்கி, ஒரே டிரம்மில் கலந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான் சார்! போலீஸையும் திருடனையும் ஒரே அறையில் போட்டுக் குண்டு வைப்பது போன்றது இது. அப்புறம், "உயிர் மருந்தெல்லாம் சும்மா, வேலைக்கு ஆகாது" என்று தீர்ப்பு.

இன்னொரு பக்கம் கடை. பாக்கெட்டுக்குள் இருப்பது உப்பு அல்ல, உயிர். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள டிரைக்கோடெர்மா இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பதிவு விதி. அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் வெந்த பாக்கெட்டில் 20 லட்சம் இருக்குமா, இருபதாவது இருக்குமா? ஆலையில் சோதித்தோம் என்ற சான்றிதழ் விவசாயிக்கு எதற்கு? அவர் வாங்குவது ஆலையில் அல்ல, கடையில். கடை அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்து எண்ணிப் பார்த்து, செத்ததை விற்பவன் லைசென்ஸை நிறுத்துங்கள். வேளாண் துறைக்கு என் முதல் கோரிக்கை இதுதான்.

இரண்டாவது, சோறு. குடிவைத்தால் போதாது, சாப்பாடு போட வேண்டும். இரண்டரைக் கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ தொழுவுரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, மூடி வைத்துப் பதினைந்து நாள் பெருகவிட்டுப் போடச் சொல்கிறது பல்கலைக்கழகம். பதினைந்து நாள் யார் காத்திருப்பது என்று வெறும் பவுடரைத் தூவிவிட்டு வருகிறோம். பட்டினி போட்ட காவல்காரன் எத்தனை நாள் நிற்பான்? வாடல் கண்ட வயலில் வாழையை நிறுத்தி நெல் போடச் சொல்வதும் அதே ஞானம். தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணின் குடித்தனமே மாறிவிடும், ஃபுசேரியத்துக்கு அது பிடிக்காது. காவிரிக்கரை விவசாயிக்கு நெல்-வாழை சுழற்சி புதிதல்ல. வருஷா வருஷம் வாழை மேல் வாழை போட்டுப் பணம் பார்க்கும் அவசரத்தில்தான் மறந்துபோனது.

"நான் ஃப்ளாட்டில் இருக்கிறேன், எனக்கு வாழையும் இல்லை வயலும் இல்லை" என்று நழுவ வேண்டாம். உங்கள் வயிற்றுக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது. சாதாரணச் சளிக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கி விழுங்கினால், சளியின் வைரஸ் அசைந்துகூடக் கொடுக்காது. குடலில் குடியிருப்பவர்கள்தான் கும்பலாகச் சாவார்கள். காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற முரடன் துண்டு போட்டால் பேதி நிற்கவே நிற்காது. மறுபடி மறுபடி இப்படி அவதிப்பட்ட நோயாளிகளுக்கு, ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்துக் குழாய் வழியே குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள் ஹாலந்தில். முகம் சுளிக்காதீர்கள். 2013-ல் வெளியான அந்தச் சோதனையில் 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானது 4 பேர். பிரான்ஸில் மண்ணுக்குச் செய்த அதே வைத்தியம்! பழைய மண்ணைக் கொஞ்சம் கலப்பது.

நான் அழுக்குக்கு வக்காலத்து வாங்கவில்லை. காவிரித் தண்ணீருக்குக் க்ளோரின் போட்டுத்தான் குழாயில் விட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை முழுசாகச் சாப்பிட வேண்டும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காலராவையும் டைஃபாய்டையும் விரட்டியதில் இவற்றின் பங்கு பெரிது. குடிதண்ணீரில் யாரும் குடியிருக்க வேண்டியதில்லை, அங்கே கொல்வது சரி. மண்ணும் குடலும் மாவுப் பாத்திரமும் குடியிருப்புகள். குடியிருப்பில் புல்டோசர் விடுவதற்குச் சுத்தம் என்று பெயரில்லை.

நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று ஜாதி பிரித்து நிம்மதியாகிவிடவும் முடியாது. வாழைத் தோட்டத்தில் நாம் கொண்டாடும் டிரைக்கோடெர்மா குடும்பத்தின் ஒரு பூஞ்சைதான், தக்கையில் அந்த ஈரச் சாக்கு நாற்றத்தைத் தயாரிப்பதில் படு கெட்டி என்று ஸ்பெயினில் கண்டுபிடித்தார்கள். இங்கே தொழுவுரம் கொடுத்தோம், காவல் காத்தது. அங்கே குளோரோஃபீனால் கொடுத்தார்கள், நாறடித்தது. ஆள் ஒரே குடும்பம்தான். நாம் போட்ட சாப்பாடு வேறு.

ஆகவே, உரக்கடைக்காரர் ஆனாலும் மருந்துக்கடைக்காரர் ஆனாலும், "இதை ஊத்துங்க, எல்லாம் செத்துடும்" என்று நீட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள். "அப்புறம் யார் வருவாங்க?" பதில் தெரியாதவரிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த 99.9 சதவிகிதத்தில் மிச்சம் இருக்கிறதே 0.1, அது கையில் துண்டோடு காத்திருக்கிறது.